கெடக்கூடிய சரக்கு

ரஷ்யத் தண்டவாளம் எங்களுடையதைவிட
நான்கு விரல் அகலம் கூடுதல்.
எங்கள் படை நுழையாதிருக்க அப்படிப் போட்டார்கள் என்பது
இந்தப் பக்கத்துப் பேச்சு.
அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று
நான் கேட்டதில்லை. நான் சரக்குக் கணக்கன்.
அந்த நான்கு விரலில்தான் என் பிழைப்பு:
அவர்கள் வண்டியிலிருந்து முட்டைப் பெட்டிகளை இறக்கி
எங்கள் வண்டியில் ஏற்றுவது.
பெட்டிக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது.

தியோஃபிலா இருட்டறையில் விளக்கின் முன்
ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்ப்பாள்.
ரத்தப் புள்ளி. பெருத்த காற்றறை.
கருக்கட்டி, பாதியில் மனம் மாறியது.
ஓடு எல்லாம் ஒரே வெள்ளைதான் என்பாள்,
திரும்பிப் பார்க்காமல்.

ஆற்றுக்கு அப்பால் எடை போடுகிறவன் அகாஃபோன்.
மாதம் தவறாமல் கணக்கில் இரண்டு பெட்டி குறையும்.
பதினோரு வருடம்
அந்த இரண்டு பெட்டிக்காக ஒருவரையொருவர்
மரியாதையாகத் திருடன் என்று எழுதிக்கொண்டோம்.

பிறகு நீளமாய் ஒரு நடைமேடை கட்டினார்கள்.
எங்கள் ஊரில் இறங்குவது வாரத்துக்கு ஏழெட்டுப் பேர்.
இவ்வளவு நீளம் யாருக்கு என்றேன்.
அவர்கள் அங்கே ஒன்று கட்டியிருக்கிறார்கள், என்றார் பொறியாளர்.
அகாஃபோனைக் கேட்டேன்.
உங்களுடையதைப் பார்த்துத்தான், என்றான்.
அடுத்த கோடையில் இரண்டும்
இன்னும் நூறு கஜம் வளர்ந்தன.

ஸ்டேஷன் மாஸ்டர் ஷிமெக்கின் இரும்புப் பெட்டியில்
அரக்கு முத்திரையிட்ட உறை ஒன்று.
ஒவ்வொரு ஏப்ரலிலும் பழையதை வாங்கி எரித்துவிட்டு
புதியதைத் தந்து கையெழுத்து வாங்கிப் போவார்கள்.
அந்தப் பெட்டியில்தான் அவர் மதியச் சாப்பாட்டையும் வைப்பார்.

ஜூன் கடைசியில், தெற்கே தூரத்து நகரம் ஒன்றில்
யாரையோ யாரோ சுட்டார்கள்.
அன்று எங்களுக்கு நாற்பது பெட்டி வந்தது.
ஒரு அரசு இன்னொன்றுக்கு நாற்பத்தெட்டு மணிநேரம் கொடுத்தது.
அந்த இன்னொன்றுக்கு ஒருவன் வாக்குக் கொடுத்திருந்தான்,
அவனுக்கு வேறொருவன்.
கடைசியில் நின்றவனுக்கு
முதலில் செத்தவனின் பேர் வாயில் நுழையவில்லை.
ஆனாலும் வாக்கு வாக்குதானே,
அதுவும் பக்கத்து வீட்டான் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

உறையைப் பிரித்தோம்.
போர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.
நிமிடங்கள் இருந்தன.
மூன்றாம் நாள், பதினான்கு பதினேழு:
சரக்கு வண்டிகள் காலி செய்யப்பட வேண்டும்.
பதினான்கு இருபத்தொன்பது: அடுத்தது.
ஒருவேளை சமாதானமாகிவிட்டால்? என்று கேட்டேன்.
ஷிமெக் தாளை முன்னும் பின்னும் புரட்டினார்.
நிறுத்துவதற்கு நேரம் ஒதுக்கவில்லை, என்றார்.

எங்கள் வண்டிக் கதவுகளில் எப்போதும் எழுதியிருக்கும்:
ஆட்கள் நாற்பது அல்லது குதிரைகள் ஆறு.
பதினோரு வருடம் அதைத் தள்ளித்தான்
முட்டை ஏற்றினேன்.
ஒருநாளும் வாசித்ததில்லை.

பெட்டிகளைப் புது நடைமேடையில் அடுக்கினோம்.
ஆகஸ்ட் வெயில்.
மொராவியாவிலிருந்து வந்த பையன்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு
நாற்பது நாற்பதாய் ஏறினார்கள்.
தியோஃபிலா இருட்டறை வாசலில் நின்று
ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள்.
அவள் கை, பழக்கத்தில்,
ஒன்றைப் பிடிப்பதுபோல் மேலே போனது.

அப்புறம் அவர்கள் வந்து தண்டவாளத்தை
நான்கு விரல் விரித்தார்கள்.
நாங்கள் திரும்பி வந்து நான்கு விரல் குறுக்கினோம்.
அந்த நான்கு விரலுக்கு எத்தனை பேர் என்று
என் பேரேட்டில் பத்தி இல்லை.

அகாஃபோனின் கடைசிக் கடிதம்
எல்லை மூடிய அன்று வந்தது.
இரண்டு பெட்டிக் குறைவு எங்கள் தராசின் பிழையாகவும் இருக்கலாம்,
தயவுசெய்து மன்னிக்கவும்.

பிழை இல்லை, அகாஃபோன்.
ஒன்று ஷிமெக் வீட்டுக்குப் போனது.
மற்றது என் வீட்டுக்கு.